பகல் தூக்கம்

லோரியிலிருந்து இறக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கடுக்காகத் தூக்கி வந்து இரண்டு ஆட்கள் வாசலில் தடாலென்று போட்டபோது, கார்த்திகேசு வீட்டுக்குள்ளிருந்து வேகமாக வெளியே வந்தார். ஒரு விரலை உதட்டின்மேல் வைத்துக்கொண்டு, மற்றக் கையை மேலும் கீழும் ஆட்டினார்.

"மெதுவாப்பா. மெதுவா வைங்க. உள்ள தூங்குறா."

அடுத்த அடுக்கைத் தூக்கியிருந்த ஆள் அப்படியே நின்றுவிட்டான். கூடாரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த மருமகன் பிரவின் திரும்பிப் பார்த்தான். எதிர்வீட்டு வேலியோரம் நின்றிருந்த இரண்டு பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

உதட்டில் வைத்த விரலை என்ன செய்வது என்று கார்த்திகேசுவுக்குத் தெரியவில்லை. மெல்ல இறக்கி, வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால், கூடத்தின் நடுவில், மருத்துவமனையிலிருந்து சற்று முன் வந்திறங்கிய பெட்டிக்குள் அவர் மனைவி குமுதா கிடந்தாள். பச்சைப் பட்டுச் சேலை. நெற்றியில் அவளுடைய அக்கா இராஜம்மா வைத்த பெரிய பொட்டு.

"மாமா, நீங்க உள்ள போய் உட்காருங்க. நான் பார்த்துக்கிறேன்," என்றான் பிரவின்.

பதினோரு வருடப் பழக்கம் அது. மேருவில் இருக்கும் கையுறைத் தொழிற்சாலையில் குமுதா நிரந்தர இரவு ஷிஃப்டு. பொழுது சாயும்போது தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். மறுநாள் காலை வெயில் ஏறத் தொடங்கும்போது கொண்டுவந்து இறக்கிவிடும். பகல் முழுக்கத் தூங்குவாள். கார்த்திகேசு பள்ளி வேன் ஓட்டினார். காலைப் பள்ளிக்கு ஒரு நடை, மதியம் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. இடைப்பட்ட நேரமெல்லாம் வீட்டில்தான். அந்த நேரம் முழுக்க அவர் வீட்டுக்குக் காவல்காரர் மாதிரி. ரொட்டிக்காரன் மோட்டார்சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தால் தெருமுனைக்கே போய்க் கையைக் காட்டுவார். தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் படம் மட்டும் ஓடும். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பிள்ளைகள் பந்து விளையாடினால் சுவரோரம் போய் நின்று சிரிப்பார். அவர்களே புரிந்துகொண்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். 'குமுதா அக்கா தூங்குறாங்க' என்பது அந்த வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

நேற்றும் அப்படித்தான் எல்லாரும் அமைதியாக இருந்தார்கள்.

குமுதாவுக்கு இனிப்பு நீர் வியாதி வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தாள். இந்த வருடத் தொடக்கத்தில்தான் கிளினிக்கில் இனி மாத்திரை மட்டும் போதாது என்று சொல்லி, பேனா மாதிரியான இன்சுலின் ஊசியைக் கொடுத்தார்கள். இரவு படுப்பதற்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து கொடுத்த பையன் பொறுமையாகவே சொன்னான். குமுதாவுக்குத்தான் சந்தேகம். தான் இரவில் படுப்பதில்லை, காலையில்தான் படுப்பேன் என்று மலாயில் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, அப்படியென்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும், கொஞ்ச நேரம் உட்காருங்கள், மறுபடியும் நம்பர் கூப்பிடுவார்கள் என்றான். அவள் ஷிஃப்டு முடிந்து நேராக வந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தால் தலை தொங்கியது. அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்று அவளும் கூட வந்திருந்த கார்த்திகேசுவும் எழுந்து வந்துவிட்டார்கள்.

முதலில் சொன்னபடி இரவில்தான் போட்டுக்கொண்டாள். தொழிற்சாலைக் கழிப்பறையில், சட்டையைத் தூக்கிப் பல்லால் கடித்துக்கொண்டு. ஒரு நாள் விடியற்காலையில், பெட்டிக்குள் கையுறைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. கூட வேலை செய்யும் லத்தீஃபா இனிப்பாக மைலோவைக் கலக்கிக் குடிக்கவைத்து உட்கார்த்தி வைத்தாள். மேற்பார்வையாளன் வந்து பார்த்துவிட்டு, உடம்பு முடியாவிட்டால் வேறு ஆள் போடவா என்று கேட்டான். அதைக் குமுதா வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சொன்னாள்.

"வேலையில போடாத. இங்க வந்து போட்டுக்கலாம்," என்றார் கார்த்திகேசு.

"ராத்திரிலதானே போடச் சொன்னாங்க?"

"படுக்கறதுக்கு முன்னாடின்னுதானே சொன்னாங்க? நமக்குக் காலையிலதானே ராத்திரி வருது." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சரியாகத்தான் பட்டது.

அன்றிலிருந்து அவரே போட்டுவிட்டார். ஐஸ் பெட்டிக் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில் அந்தப் பேனா இருக்கும். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "முடிஞ்சுதா?" என்பாள். "இன்னும் ஆரம்பிக்கவே இல்லயே," என்பார், முடித்துவிட்டு. பிறகு அவள் பசியாறிவிட்டுப் படுப்பாள். மாதங்கள் போயின. ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குக் காலையில் சர்க்கரை இறங்கியிருப்பதைப் பார்த்து இருவருக்கும் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நேற்று பஸ் தாமதமாக வந்தது. ஓவர்டைம். கார்த்திகேசு காலை நடையை முடித்துவிட்டு, முனைக் கடையில் அவளுக்குத் தேங்காய்ப்பால் சோறு, ஒரு நாசி லெமாக் பொட்டலம் வாங்கி மேஜையில் வைத்திருந்தார். அவள் வந்ததும் வராததுமாகக் கூடத்து நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

"ஊசியப் போட்டு விட்ருங்க. குளிச்சிட்டுச் சாப்பிட்டுப் படுக்குறேன்."

போட்டுவிட்டார். அப்போதுதான் ஒரு தாய் போன் பண்ணினாள். அவளுடைய மகன் வகுப்பில் வாந்தி எடுத்துவிட்டானாம், அவள் ஷா ஆலாமில் வேலையில் இருக்கிறாளாம், கொஞ்சம் போய்க் கூட்டிவர முடியுமா என்று.

"போயிட்டு வாங்க. பாவம், சின்னப் பிள்ளை," என்றாள் குமுதா. "நான் சாப்பிட்டுக்கிறேன்."

அவர் திரும்பி வந்தபோது குளியலறைத் தரை ஈரமாக இருந்தது. அவளுடைய துண்டு கொடியில் தொங்கியது. மேஜையில் பொட்டலம் இல்லை. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. சரி, சாப்பிட்டுப் படுத்துவிட்டாள்.

மதிய நடைக்குப் போய் வந்தார். சமையலறையில் உட்கார்ந்து, முந்தின நாள் மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து தட்டைக் கழுவினார். அப்போது அறைக்குள்ளிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. குமுதா அப்படிக் குறட்டை விடுகிறவள் அல்ல. கனமாக, இழுத்து இழுத்து வந்தது. எவ்வளவு அசந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தார். அவருக்கு உண்மையில் நிம்மதியாக இருந்தது. தட்டைத் துணியால் துடைத்து, சத்தமில்லாமல் அடுக்கில் வைத்துவிட்டு, கூடத்துச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினார்.

சாயங்காலம் தேநீர் கலந்து எடுத்துக்கொண்டு அவளை எழுப்பப் போனார். தலையணை நனைந்திருந்தது. நைட்டி முதுகோடு ஒட்டியிருந்தது. அவ்வளவு வியர்த்த உடம்பு, தொட்டபோது சில்லென்று இருந்தது.

மருத்துவமனையில் அவரிடம் பேசிய டாக்டர் சின்னப் பெண். அவர் மகள் ஷாமினியைவிட இளையவளாக இருப்பாள். தமிழ்ப் பெண்தான். போலீஸ்காரர் எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு போனபிறகு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஷாமினி அப்போதுதான் செமினியிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். அலுவலகத்திலிருந்து நேராக வந்ததால் கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்கியது. அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து, அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

"அங்கிள், ஆன்டி கடைசியா ஊசி எப்போ போட்டாங்க?"

"காலையில."

"காலையிலயா? ரெக்கார்டுல ராத்திரின்னு இருக்கே."

"அவளுக்கு அதுதாம்மா ராத்திரி."

அவர் நைட் ஷிஃப்டு பற்றிச் சொன்னதையெல்லாம் டாக்டர் தலையசைத்துக் கேட்டாள்.

"பசியாறிட்டுத்தானே படுத்தாங்க?"

"பசியாறியிருப்பா."

ஷாமினி குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "டாக்டர், ராத்திரி போடுற ஊசியப் பகல்ல போட்டா என்ன ஆகும்?"

டாக்டர் கையிலிருந்த ரெக்கார்டை மூடிவைத்தாள். "அந்த மருந்து போட்டவுடனே முழுசா வேலை செய்யாது. சில மணி நேரம் கழிச்சுத்தான் அதோட முழு வேகம் வரும். ராத்திரி படுக்கும்போது போட்டா, விடியக்காலையில அந்த வேகம் வரும். சாதாரணமா அந்த நேரத்துல உடம்பே சர்க்கரைய ஏத்தி விடும். நாம எந்திரிக்கறதுக்காக. ரெண்டும் சரிக்குச் சரியாப் போயிரும். காலையில போட்டா அந்த வேகம் மத்தியானம் வரும். அப்போ உடம்பு அப்படி ஏத்தி விடாது. சாப்பாடு உள்ள போகணும். தூங்கிக்கிட்டே இருந்தா..." நிறுத்திக்கொண்டாள். "நைட் ஷிஃப்டு ஆளுங்களுக்கு நாங்க மருந்தையே வேற மாதிரி மாத்திக் கொடுப்போம். ஆனா அங்கிள், அதனாலதான் இப்படின்னு நான் சொல்லல. ஆன்டிக்கு பிரஷரும் இருக்கு. ஹார்ட்டாவும் இருக்கலாம்."

"போஸ்ட்மார்ட்டம் பண்ணா தெரியுமா?" என்றாள் ஷாமினி.

"ஹார்ட் பத்தித் தெரியலாம். சர்க்கரை இறங்குச்சான்னு உறுதியா சொல்ல முடியாது. உயிர் போனப்புறம் ரத்தத்துல இருக்குற சர்க்கரை தானாவே இறங்கிரும். போலீஸ் சைடுல சந்தேகம் ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டாங்க. வேணுமா வேணாமான்னு நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

நடைபாதையில் ஷாமினி அவரிடம் கேட்டாள்: "யாருப்பா டைம மாத்துனது?"

"ரெண்டு பேரும் பேசித்தான்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். "நான்தாம்மா."

அவள் நடைபாதையின் கோடிவரை போனாள். அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கார்த்திகேசு பெஞ்சில் உட்கார்ந்து அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் கோபம் வந்தால் அவள் இப்படித்தான் சுவரைப் பார்த்து நிற்பாள். குமுதாதான் போய்க் கூட்டி வருவாள். அவருக்கு எழுந்து போகத் தெம்பில்லை. வெகுநேரம் கழித்து அவளாகவே திரும்பி வந்தாள்.

"வேணாம்னு சொல்லிட்டேன்," என்றாள். "அம்மாவ அறுக்க வேணாம்."

சேலை எடுப்பதற்காக வீட்டுக்கு வந்தபோது, அதற்குள் ஜெஞ்சாரோமிலிருந்து இராஜம்மா வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். குமுதாவைத் தூக்கி வளர்த்தவர். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் கேள்விகளை நிறுத்தவில்லை. எத்தனை மணிக்கு வந்தாள், எப்போது படுத்தாள், மத்தியானம் ஒரு தடவையாவது எட்டிப் பார்க்கக் கூடாதா, ஒரு வாய் தண்ணி கொடுத்திருக்கக் கூடாதா. கார்த்திகேசு நின்றபடியே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஷாமினி படுக்கையறைக்குள் போனாள். அவர் வாசலில் தயங்கி, பிறகு பின்னாலேயே போனார். மெத்தை விரிப்பு கலைந்தபடி கிடந்தது. கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில், கண்ணாடியும் தைலப் புட்டியும் வைக்கும் இடத்தில், நாசி லெமாக் பொட்டலம் இருந்தது. பழுப்புக் காகிதம் எண்ணெய் கசிந்து கறுத்திருந்தது. மேலே சுற்றிய ரப்பர் பேண்டு அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு கரண்டி, கழுவிக் காய்ந்த கரண்டி.

சாப்பிடத்தான் எடுத்து வந்திருக்கிறாள். கட்டிலில் உட்கார்ந்து, சற்று முதுகைச் சாய்த்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைத்திருப்பாள்.

கார்த்திகேசு பொட்டலத்தைக் கையில் எடுத்தார். கனமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் செருப்பில்லாத காலடி கேட்டது.

"இவ்வளவு கேக்குறேன், யாரும் வாயத் திறக்க மாட்டேங்குறீங்களே," இராஜம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பி, ஒன்னு மட்டும் சொல்லுங்க. எந்தங்கச்சி பசியாறிட்டுத்தானே படுத்தா? வெறும் வயித்தோட போகலல்ல?"

கார்த்திகேசுவின் வாய் திறந்தது. அதற்குள் அவர் கையிலிருந்து பொட்டலம் நழுவிப் போனது. ஷாமினி அதை வாங்கித் தன் துப்பட்டாவின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டாங்க பெரியம்மா," என்றாள். "சாப்பிட்டுட்டுத்தான் படுத்தாங்க."

இராஜம்மா மூச்சு விட்டார். "அது போதும்," என்று சொல்லிக்கொண்டே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தங்கையின் தலையணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஷாமினி சமையலறை வழியாகப் பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். சந்தில் குப்பைத் தொட்டியின் மூடி திறந்து மூடும் சத்தம் கேட்டது. வந்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவினாள். கார்த்திகேசு அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"டீ போடவாப்பா?" என்றாள், திரும்பாமல்.

"போடும்மா."

அதற்குப் பிறகு அவர்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்று காலை நாற்காலிகள் போட்டு முடிந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வேனில் வரும் பிள்ளைகளின் தாய்மார்கள் வந்தார்கள். வாந்தி எடுத்த பையனின் தாயும் வந்தாள். நேற்று அவரை அழைத்ததற்கும் இந்தச் சாவுக்கும் என்ன தொடர்பு என்று அவளுக்குத் தெரியாது. "அங்கிள், நேத்துகூட எவ்வளவு ஹெல்ப் பண்ணீங்க," என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பையன் எப்படிம்மா இருக்கான்?" என்று கேட்டார். இப்போது நன்றாக இருக்கிறானாம்.

தொழிற்சாலை பஸ் தெருமுனையில் நின்றபோது ஏழெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். ஷிஃப்டு முடிந்து அப்படியே வந்திருந்தார்கள். நேபாளப் பெண்கள் இருவர், மலாய்ப் பெண் ஒருத்தி, மற்றவர்கள் தமிழ்ப் பெண்கள். எல்லாருக்கும் நீலச் சட்டை. இரவெல்லாம் தொப்பி போட்டிருந்ததால் நெற்றியில் ஒரு தடம். பெட்டியைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முக்காடு போட்ட தமிழ்ப் பெண் ஒருத்தி மட்டும் கார்த்திகேசுவுக்கு முன்னால் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, நான் லத்தீஃபா."

அவர் எழுந்துவிட்டார். பெயர் தெரியும். முகத்தை இப்போதுதான் பார்க்கிறார். "உட்காரும்மா. உட்காரு."

அவள் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து அதன் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நேத்து பஸ்ல எப்படிம்மா இருந்தா?" என்று கேட்டார் கார்த்திகேசு.

லத்தீஃபா அவரைப் பார்க்காமல் வாரையே பார்த்தாள். "நல்லாத்தான் இருந்தாங்க அண்ணே. டயர்டா இருந்தாங்க. ஓவர்டைம்லா. எல்லாருமே டயர்டுதான்."

அவருக்கு மேலே கேட்கத் துணிவில்லை. கூடாரத்துக்கு வெளியே உறுமிமேளக்காரர்கள் வந்து, மேளத்தின் தோலுக்குச் சூடு காட்டுவதற்காகக் காகிதத்தைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவாங்க," என்றாள் லத்தீஃபா. குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள முயன்றாள். "பிரேக் டைம்ல உங்கள மாதிரி நடந்து காட்டுவாங்க தெரியுமா? வாசல் கேட்டைச் சத்தம் வராம எப்படித் தூக்கி வச்சுத் திறப்பீங்க, செருப்பக் கையில எடுத்துக்கிட்டு எப்படி வருவீங்கன்னு. நாங்கள்லாம் சிரிச்சுருவோம்."

"அவளுக்கு எப்படித் தெரியும்? தூங்கிட்டில்ல இருப்பா."

லத்தீஃபா நிமிர்ந்து பார்த்தாள். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"பாதி நாள் தூக்கம் வராதுண்ணே. பகல் தூக்கந்தானே, எங்க எல்லாருக்குமே அப்படித்தான். முழிச்சிக்கிட்டுத்தான் படுத்திருப்பாங்களாம். நீங்க பைப்பச் சொட்டுச் சொட்டா விட்டுத் தட்டுக் கழுவுறதக் கேட்டுக்கிட்டு இருப்பாங்களாம். எந்திரிச்சு வந்தா, ஐயோ எழுப்பிட்டோமேன்னு நீங்க வருத்தப்படுவீங்கன்னு, கண்ண மூடிக்கிட்டே படுத்துக்குவாங்களாம்."

வெளியே ஒருவன் உறுமியை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

"பகல் ஷிஃப்டு கேட்டிருந்தாங்க. உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. கிடைச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தாங்க. டாக்டர் ஏதும் சொன்னாங்களா அக்கான்னு கேட்டேன். அதுக்கு இல்லடி, அந்த மனுசன் சொந்த வீட்டுல ஒரு நாளாவது சத்தமா இருமட்டும்னாங்க." அவள் முக்காட்டின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இடம் இல்லன்னுட்டாங்க. காத்திருக்கச் சொன்னாங்க."

பஸ் ஹாரன் அடித்தது. மற்றப் பெண்கள் ஏறிவிட்டிருந்தார்கள். லத்தீஃபா எழுந்து, "வரேண்ணே," என்றாள். பிறகு, சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்று நினைவு வந்தவளாக வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பரவால்லம்மா. போய்ச் சாப்பிட்டுட்டுப் படு," என்றார் கார்த்திகேசு. அவள் கூடாரத்தைத் தாண்டிய பிறகு மறுபடியும் சத்தமாகச் சொன்னார். "சாப்பிட்டுட்டுப் படும்மா."

பெட்டியைத் தூக்கியபோது மேளம் முழங்கியது. வரிசை வீடுகளின் கண்ணாடிச் சன்னல்களெல்லாம் அதிர்ந்தன. இராஜம்மா தெருவில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார். யாரோ ஒருவர் கார்த்திகேசுவின் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்.

மறுநாள் சாம்பலை எடுத்துக்கொண்டு போர்ட் கிள்ளான் பக்கம் ஒரு படகுத்துறைக்குப் போனார்கள். வேனைப் பிரவின்தான் ஓட்டி வந்தான். பின் இருக்கையில் ஷாமினி, மடியில் சிவப்புத் துணி கட்டிய மண்சட்டியோடு. துறையில் தண்ணீர் இல்லை. கரையிலிருந்து வெகுதூரம் வரை சேறு பளபளத்தது. படகுகள் எல்லாம் சேற்றில் உட்கார்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. படகுக்காரர் வயதான சீனர். கடல் தண்ணீர் ஏறினால்தான் படகு நகரும், பொறுத்திருங்கள் என்று மலாயில் சொல்லிவிட்டு, தகரக் கொட்டகைக்குள் போய் வலையை எடுத்து வைத்துக்கொண்டார். கடல் ஏற்றத்துக்கு அதன் நேரம் உண்டு, அவசரப்படுத்த முடியாது என்றார்.

பிரவின் சாப்பிட ஏதாவது வாங்கி வருவதாகச் சொல்லி நடந்து போனான். கார்த்திகேசு சட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, வேன் படியில் உட்கார்ந்தார். காற்று உப்பாக வீசியது. சேற்றில் சின்னச் சின்ன நண்டுகள் வளையிலிருந்து வெளியே வந்து, நிழல் பட்டதும் உள்ளே போயின. நேரம் போய்க்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தபோது ஷாமினி தூங்கியிருந்தாள். இரண்டு நாளாகக் கண்ணை மூடாதவள். தலை சன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. உச்சி வெயில் கழுத்தில் விழுந்து, மயிரோரம் வியர்வை முத்து முத்தாக நின்றது.

கார்த்திகேசு சட்டியைப் படியில் பத்திரமாக வைத்தார். எழுந்து உள்ளே ஏறினார்.

"ஷாமினி."

அவள் அசையவில்லை.

"ஷாமினி! எந்திரிம்மா. எந்திரி." தோளைப் பிடித்து உலுக்கினார். அவருக்கே தன் குரல் பெரிதாகக் கேட்டது. கொட்டகையிலிருந்து சீனக் கிழவர் தலையை நீட்டிப் பார்த்தார்.

அவள் திடுக்கிட்டு விழித்தாள். "என்னப்பா? தண்ணி ஏறிருச்சா?"

"இல்லம்மா. இன்னும் இல்ல."

"பின்ன என்னப்பா?"

அவர் அவளுடைய தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. "சும்மாதான். ஏதாவது பேசிக்கிட்டு இரேன்."

ஷாமினி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்து, அவர் உட்கார இடம் விட்டாள். செமினி வீட்டில் மழை பெய்தால் கார் நிறுத்துமிடத்தில் ஒழுகுவதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனானாம், மறுபடியும் வரவே இல்லையாம். "என்ன கூரை ஓடும்மா அது?" என்று கேட்டார். அவள் சொன்னாள். எந்த மூலையில் ஒழுகுகிறது என்று கேட்டார். அதையும் சொன்னாள்.

சேற்றின்மேல் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்த படகு மெல்ல அசைந்து, நிமிரத் தொடங்கியது.